உம் கொட்டச் சொன்னவருக்கு

தெருக்காரர்களுக்கும் அஞ்சலகத் தோழர்களுக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

இதய அறுவை முடிந்து வீடு திரும்பி ஒன்பது நாளாகிறது. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும்; பாதிப் பேர் மருத்துவமனை வராந்தாவிலேயே கிடந்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை, கேட்க என் மனைவிக்கும் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், முன்பணம் கட்ட வளையலைக் கழற்றிக் கொடுத்த மைத்துனி, நடுச்சாமத்தில் ஆட்டோவை எடுத்த எதிர்வீட்டுத் தம்பி, எங்கள் பூனைக்கு மறக்காமல் பால் ஊற்றிய மாடிவீட்டுப் பாப்பா, நெஞ்சைத் திறந்து மூடிய மருத்துவர்கள், செவிலியர்கள் என எல்லோருக்கும் தனித்தனியே எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். 36 ஆண்டுகள் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்திய கை. சொந்தக் கடிதத்துக்கு வணங்கி வர நாளாகும். இன்று எழுதுவது உங்களில் யாரும் பார்த்திராத ஒருவரைப் பற்றி.

அறுவைக்குப் பின் ஐந்தாம் இரவு. மல்லாந்துதான் படுக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். நுரையீரல் விரிவதற்கென்று மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதை உறிஞ்ச வேண்டும். நான் இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தேன்! பந்து அசையவில்லை, என் ஆயுள் அவ்வளவுதான் என்று முடிவுகட்டியிருந்தேன். விளக்கை அணைத்ததும் பயம் வந்து உட்காரும். மூச்சு மேல்மூச்சாகும். மணியை அழுத்தினால் செவிலியர் ஓடி வந்து அளவுகளைப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, தூங்குங்கள்" என்பார். அவர்மேல் குற்றமில்லை, அளவுகள் சரியாகத்தான் இருந்தன.

தரை துடைக்க வந்த அம்மாள்தான் நின்றார். உசிலம்பட்டிப் பக்கம். வாயைத் திறக்காமல் எதையோ முனகிக்கொண்டே துடைப்பது அவர் வழக்கம். என்னைப் பார்த்தவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"ஐயா, சின்ன வயதில் கதை கேட்டிருக்கிறீர்களா?"

தலையசைத்தேன்.

"நான் ஒரு கதை சொல்கிறேன். நீங்கள் உம் கொட்ட வேண்டும். வெடுக்கென்று கொட்டக் கூடாது. உதட்டை மூடிக்கொண்டு, மூச்சு தீரும்வரை இழுக்க வேண்டும். வலித்தால் நிறுத்திவிடுங்கள்."

ஓர் ஊரில் ஏழு அண்ணன்மார், அவர்களுக்கு ஒரே தங்கை. ம்ம்ம்ம். அண்ணன்மார் வணிகத்துக்குக் கிளம்பினார்கள். ம்ம்ம்ம். முதலில் என் குரல் பழைய சைக்கிள் செயின் போலக் கரகரத்தது. நாலைந்து வாக்கியம் போனதும் மூக்குத்தண்டும் உதடும் லேசாக அதிர்வது தெரிந்தது. பிறகு அந்த அதிர்வைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மூச்சு வருமா என்று காவல் காப்பதை மறந்துவிட்டேன். அது பாட்டுக்கு வந்தது. தங்கை கிணற்றில் குடத்தை நழுவவிட்ட இடம்வரை நினைவிருக்கிறது. அதற்குமேல் தெரியாது. தூங்கிவிட்டேன்.

மகள் பிறகு சொன்னாள், இதற்குப் பிராமரி என்று பெயராம். ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் சொல்லும் எட்டு கும்பகங்களில், அதாவது மூச்சுப் பயிற்சிகளில், இது ஒன்றாம், வண்டின் ரீங்காரம் போல ஒலிப்பதால் இந்தப் பெயராம். ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வையும் படித்துக் காட்டினாள். சும்மா மூச்சு விடுவதைவிட முரலும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுமார் 15 மடங்கு கூடுகிறதாம். சைனஸ் அறைகளில் தேங்கியிருக்கும் காற்றை அந்த அதிர்வு வெளியே இழுத்துவிடுகிறது. மூச்சை நீட்டி வெளியே விட்டால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்பதை என் மருத்துவரும் சொன்னார். செய்யலாம், இழுத்துப் பிடித்து மூச்சடக்கும் வேலை மட்டும் வேண்டாம் என்றார்.

இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். என் இதயத்தைச் சரிசெய்தது கத்தியும் மருந்தும்தான். உம் கொட்டியது அந்த இரவைக் கடத்தியது. ஆனால் அந்த இரவைக் கடத்த வேறெதுவும் என்னிடம் இருக்கவில்லை.

இப்போது காலையும் மாலையும் பத்துப் பத்து மூச்சு. பேத்தி "தாத்தா வண்டு" என்று பெயர் வைத்துவிட்டாள். குக்கர் சத்தமா நீங்களா என்று தெரியவில்லை என்று சமையலறையிலிருந்து புகார் வருகிறது. பேத்திக்குத் தினம் ஒரு கதை சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுத்தான்.

கிளம்பும் நாளில் அந்த அம்மாளிடம் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "பெயரை எங்கும் எழுதிவிடாதீர்கள் ஐயா, வேலை நேரத்தில் கதை சொன்னாயா என்று மேற்பார்வையாளர் கேட்பார்" என்றார். அதனால்தான் பெயர் இல்லை.

தாயி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மறுபரிசோதனை. இரவுப் பணி காலை ஏழு மணிக்கு முடியும் என்றீர்கள். ஆறரைக்கே வாசலில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். குடம் விழுந்த பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று சொல்லிவிட்டுத்தான் நீங்கள் பஸ் ஏற வேண்டும்.