முத்திரை மட்டும் போதுமா?

ஐயா,

கடன் விண்ணப்பத்தோடு வரும் ஆடிட்டர் சான்றிதழில் முத்திரை இருந்தாலே பல வங்கிகளில் அதை ஃபைலில் கோத்துவிடுகிறார்கள். 2019 முதல் இத்தகைய சான்றிதழ்களுக்கு 18 இலக்க யூ.டி.ஐ.என். (ஆவணத்துக்கான தனி அடையாள எண்) கட்டாயம்: முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் குறிக்கும், அடுத்த ஆறு ஆடிட்டரின் உறுப்பினர் எண். ஆடிட்டர்களின் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.-யின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஆனால் அந்த எண், சான்றிதழ் போலியா என்றுதான் காட்டும். உள்ளே இருக்கும் கணக்கு பொய்யா என்று காட்டாது.

2009-இல் வெளிவந்த சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனி மோசடியில், இல்லாமலே கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பு மட்டும் 5,040 கோடி ரூபாய்! வங்கிகளின் இருப்புச் சான்றை கம்பெனி வழியாகவே வாங்கியதில்தான் தணிக்கை கோட்டைவிட்டது. வங்கிக்கு ஆடிட்டரே எழுத வேண்டும், பதிலும் அவருக்கே நேராக வர வேண்டும். தபால் செலவில் முடிகிற காரியம். கடன் அதிகாரியும் பெரிய தொகை என்றால், ஆடிட்டரிடம் இந்தக் கடிதங்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.