ஹாங்க் ஆரோனுக்கு இரண்டு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த உலக விளையாட்டுச் சாதனைகள் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அதில் பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரோனுக்கு இரண்டே வரிதான் கிடைத்திருக்கிறது. வெள்ளையின நட்சத்திர வீரர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை முறியடித்தார், பின்னாளில் பாரி பாண்ட்ஸ் அவரை முந்தினார், அவ்வளவுதான். தகவலில் பிழை இல்லை. ஆனால் அந்த மனிதர் அதில் இல்லையே என்ற வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

ஹோம் ரன் என்பதை நம் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிட அரிது. ஒரு சீசன் முழுக்க ஆடி 40 அடித்துவிட்டாலே பெரிய ஆட்டக்காரர். ஆரோன் 23 சீசன்களில் 755 அடித்தார். ஒரே சீசனில் 50 என்பதை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 1971-ல் அடித்த 47-தான் அதிகபட்சம். ஆனால் 1955 முதல் 1974 வரை ஓர் ஆண்டுகூட 20-க்குக் கீழே இறங்கவில்லை. அந்த 755-ஐ மொத்தமாகக் கழித்துவிட்டாலும் அவர் கணக்கில் 3,000-க்கு மேல் ஹிட்கள் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்ந்த அடிகள்) மிஞ்சும். இந்த நிதானம் எனக்கு எந்தச் சாதனையைவிடவும் பெரிதாகப் படுகிறது.

1934-ல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில், எட்டுப் பிள்ளைகள் இருந்த ஏழை வீட்டில் பிறந்தவர். குச்சியால் பாட்டில் மூடிகளை அடித்துத்தான் பழகினார். 1952-ல், 18 வயதில், கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த லீகில் இண்டியனாபொலிஸ் க்ளவுன்ஸ் அணிக்கு ஆடினார். அப்போது வாஷிங்டனில் ஓர் உணவகத்தில் அணியோடு சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் சமையலறையிலிருந்து தட்டுகள் உடைபடும் சத்தம். இவர்கள் சாப்பிட்ட தட்டுகள்! நாய் சாப்பிட்டிருந்தால்கூடக் கழுவி வைத்திருப்பார்கள் என்று பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்தார். நாட்டின் தலைநகரில் நடந்தது இது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1954-ல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணிக்கு வந்தார். 1957-ல் அந்த அணி அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றது, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. 1966-ல் அணி தெற்கே அட்லாண்டாவுக்கு இடம் மாறியது.

1973 சீசன் முடிந்தபோது அவர் கணக்கு 713. ரூத்தைத் தொட இன்னும் ஒன்றே ஒன்று. அந்த ஓர் ஆண்டில் மட்டும் அவருக்கு வந்த கடிதங்கள் சுமார் 9,30,000 என்று அமெரிக்க அஞ்சல் துறை கணக்கிட்டது. வாழ்த்துகளும் ஏராளமாக இருந்தன. ஆனால் ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டுவதா என்று கொலை மிரட்டல்களும் குவிந்தன. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளைக்கூட விட்டுவைக்கவில்லை. பாதுகாவலர் இல்லாமல் வெளியே போக முடியாத நிலை. அந்த வெறுப்புக் கடிதங்களை அவர் கிழித்துப் போடவில்லை. பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்.

1974 ஏப்ரல் 4 அன்று சின்சினாட்டியில் 714. நான்கு நாள் கழித்து அட்லாண்டாவில், 53,775 பேர் பார்த்திருக்க, நான்காவது இன்னிங்ஸில் அல் டவுனிங் எறிந்த பந்து வேலியைத் தாண்டியது. 715. ஆரோன் ஆட்டக்களத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியபோது இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் குதித்து அவர் தோளைத் தட்டியபடி கூடவே ஓடினார்கள். மிரட்டல் கடிதங்களை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள், நெஞ்சு படபடக்கும். நல்லவேளை, அவர்கள் வெறும் ரசிகர்கள். ஓடி முடித்த இடத்தில் அவருடைய தாய் எஸ்டெல்லா மகனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று அதுவரை தனக்குத் தெரியாது என்றார் ஆரோன். அன்று ஒலிபெருக்கியில் அவர் பேசியதன் சாரம், ஒருவழியாக இது முடிந்ததே, கடவுளுக்கு நன்றி என்பதுதான். 39 ஆண்டுகள் நின்ற சாதனையைத் தாண்டிய மனிதரின் வாயில் வந்த சொல் அது!

2007-ல் பாண்ட்ஸ் 756-ஐத் தொட்டபோது, ஊக்கமருந்துச் சர்ச்சை அவரைச் சூழ்ந்திருந்த நேரத்திலும், ஆரோன் காணொளியில் வாழ்த்துச் சொன்னார். தன் அடியால் அணிக்குக் கொண்டுவந்த 2,297 ரன்கள் என்ற ஆரோனின் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அப்புறம், 2021 ஜனவரியில், 86 வயதில், கறுப்பின மக்களின் தயக்கம் போகட்டும் என்று எல்லோரும் பார்க்க கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். அதே மாதம் 22-ஆம் தேதி காலமானார்.

அவரைப் பற்றித் தனியாக ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள், ஏப்ரல் மாதம் என்றால் பொருத்தமாக இருக்கும். படம் போடும்போது அவர் மட்டையைச் சுழற்றும் படம் வேண்டாம், தாய் அவரைக் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
நீண்ட நாள் வாசகன்,
தஞ்சாவூர்