பேரன் சொன்ன வோர்ஃப் விளக்கம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். தங்கையின் மகன் துறைமுகத்தில் வோர்ஃப் கிளாக்கராகச் சேர்ந்த செய்தியை நான் எழுதப்போக, கப்பல் அணையும் மேடையைக் குறிக்கும் ‘வோர்ஃப்’ (wharf) என்ற ஆங்கிலச் சொல், ‘வெயார்ஹவுஸ் அற் றிவர் ஃப்ரன்ட்’ (ஆற்று முகப்பில் பண்டசாலை) என்பதன் முதலெழுத்துச் சுருக்கமென்று உமது பேரன் சொன்னதாக எழுதியிருந்தீர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பேரன் பாட்டனைப் பெற்ற கதை.

நோர்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பே அச்சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்வெயர்ஃப்’ என்று வழங்கியது. ‘வெயார்ஹவுஸ்’ என்ற சொல்லோ பதினான்காம் நூற்றாண்டளவில்தான் எழுத்தில் தென்படுகிறது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்கும் வழக்கம் பெருகியதும் இருபதாம் நூற்றாண்டில்தான். தொடக்கத்தில் அச்சொல் கரையையும் குறித்தது. ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தில் கிரேக்கப் புராணத்து மறதி ஆறான லீத்தியின் ‘வோர்ஃபில்’ களை வளர்வதாக வரும் இடத்தில், கப்பலும் இல்லை, பண்டசாலையும் இல்லை, வெறும் ஆற்றங்கரைதான். அதன் உறவுச் சொற்களான டச்சு ‘வெர்ஃப்’, ஜெர்மன் ‘வெர்ஃப்ற்’ ஆகியவை இன்று கப்பல் கட்டும் தளத்தைக் குறிக்கின்றன.

‘டொக்’ (dock) என்பதையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று பேரனிடம் சொல்லும். பிரித்தானிய வழக்கில் அது கப்பல் நிற்கும் நீர்த்தொட்டி. கப்பல் அணையும் மேடையையே அப்படி அழைப்பது அமெரிக்க வழக்கம், உங்கள் கனடாவிலும் அதுவே கேட்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் ‘வோர்ஃப்’ தன் எல்லையைத் தாண்டிவிட்டது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. அதன் பின்னரும் நெடுங்காலம் கப்பல் மிதவையில் கட்டப்பட்டிருக்க, சரக்கு படகேறித்தான் வோர்ஃபுக்கு வந்தது. ஆழ்கடற் கப்பல்கள் நேரே வந்து அணையும் எலிசபெத் மகாராணி இறங்குதுறை வந்ததோ 1950களில். இன்று மருமகன் ‘வோர்ஃபுக்குப் போகிறேன்’ என்று புறப்பட்டால், பெரும்பாலும் சுங்கத்தில் பத்திரங்களோடு வரிசையில் நிற்கிறான். கப்பலை அவன் காண்பது அரிது.

உமது மொன்றியலில் கப்பல் அணையும் துறையைப் பிரெஞ்சுக்காரர் ‘கே’ (quai) என்பதை ஆங்கிலேயர் ‘கீ’ (quay) என்கிறார்களே, அதன் வேர் கெல்ற்றிக் மொழியிலிருக்கிறது. பேரன் அதற்கும் ஒரு சுருக்கம் வைத்திருக்கிறானா என்று கேட்டு எழுதும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்