கணினி அறை வலைப்பின்னல் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதுங்காவில் உள்ள நம் சங்கக் கட்டடத்துக்குப் பொதுக்குழு ஒப்புதல் தந்த வலைப்பின்னல் வேலை முடிந்துவிட்டது. கணினிகளை இணைக்கும் பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் 24 போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட, விதிகளை நாமே அமைக்கக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் வைத்திருக்கிறோம். நன்கொடையாளர்களுக்கும், இரண்டு ஞாயிறு முழுக்கக் கேபிள் இழுத்த இளைஞர்களுக்கும் மனமார்ந்த நன்றி. வரவு செலவு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

மகாராஷ்டிர மாநில நுழைவுத் தேர்வான எம்எச்டி-சிஇடி விண்ணப்பத்தின் கடைசி நாளில் பிள்ளைகள் காத்து நிற்க, இணையம் விட்டுவிட்டு அறுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாரோ ஒருவர் தம் மடிக்கணினியில் 192.168.1.1 என்ற ஐபி முகவரியை (வலைப்பின்னலில் கணினியின் எண்) கையால் போட்டிருந்தார். அது ரூட்டரின் முகவரி. வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் ரூட்டருக்குப் போக வேண்டியது அவருடைய கணினிக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கணினிகளுக்குத் தானாக ஐபி வழங்கும் டிஎச்சிபி என்ற முறை முகவரியைக் கொடுக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது. எந்த ஐபி எந்தக் கணினியுடையது என்று கண்டறிய 1982-இல் வகுக்கப்பட்ட ஏஆர்பி முறையோ, "இந்த ஐபி என்னுடையது" என்று எந்தக் கணினி சொன்னாலும் நம்பிவிடும். அதனால் ரூட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஐபி ஒதுக்கியதோடு நிற்காமல், போர்ட்டிலேயே காவல் வைத்தோம். டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற சுவிட்ச் வசதியில் ரூட்டர் செருகிய போர்ட் மட்டுமே நம்பகமானது. மற்ற போர்ட்டிலிருந்து யாரும் முகவரி வழங்க முடியாது. எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்த போர்ட்டில் எந்த ஐபி வாங்கியது என்ற பட்டியலை சுவிட்சே எழுதிக்கொள்ளும். ஐபி சோர்ஸ் கார்டு (Source Guard) என்ற காவல் வசதி அந்தப் பட்டியலைப் பார்த்து, பொருந்தாத பாக்கெட்டை (தரவுத் துண்டை) உள்ளே விடாது. ஏஆர்பி செய்திகளுக்கும் இதே சோதனைதான்.

ஒரு தவறும் நடந்தது. பட்டியல் நிரம்பும் முன்பே சோர்ஸ் கார்டை இயக்கிவிட்டோம். நூலகக் கணினிகள் எல்லாம் ஒரேயடியாக அறுந்தன. அதை நிறுத்தி, எல்லாக் கணினிகளையும் திரும்ப ஐபி வாங்கவைத்த பிறகே மறுபடி இயக்கினோம். பிரிண்டரும் கேமராக்களும் நிலையான ஐபியில் இருப்பதால் டிஎச்சிபியிடம் கேட்பதே இல்லை; அவற்றைப் பட்டியலில் நாங்களே எழுதினோம். சுவிட்ச் அணைந்து எழுந்தாலும் பட்டியல் அழியாதபடி சேமிக்கவும் ஏற்பாடு செய்தாயிற்று.

கையால் ஐபி போட்டு வைத்திருப்பவர்கள் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள். கணினியோ நெட்வொர்க் கார்டோ மாற்றினால் மேக் முகவரியும் மாறும். நூலகப் பதிவேட்டில் எழுதுங்கள், ஒதுக்கீட்டை மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
செயற்குழு