ஜேர்மனிக்குப் பொதி அனுப்பும் வன்னி உற்பத்தியாளர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூளை இணையவழியில் ஜேர்மனி வீடுகளுக்கு நேரே அனுப்புவோர், அந்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள பொதியிடல் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். பொதியின் பெட்டியும் பையும் குப்பையாகும்போது அவற்றைச் சேகரிக்கும் செலவு விற்பவருடையது. சிறு அளவுக்கு விலக்கில்லை. அங்குள்ள இறக்குமதியாளர் தன் பெயரில் சுங்கத்தில் எடுத்தால் மட்டுமே பொறுப்பு அவருக்குப் போகும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் லூசிட் (LUCID) எனும் ஜேர்மனியின் இணையவழிப் பொதியிடல் பதிவேட்டில் பதிய வேண்டும், கட்டணமில்லை. பிறகு மீள்சுழற்சி நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் செய்து, பொதியிடும் பொருட்களின் எடைக்கேற்பப் பணம் கட்டி, அதே எடையை லூசிட்டிலும் காட்ட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சிக்கல்தான்.

பிழை பெரும்பாலும் எடையில்தான் வரும். உள்பையை மட்டும் நிறுத்து, வெளிப்பெட்டி, ஒட்டுநாடா, நிரப்புத்தாள் ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். பெட்டி 180 கிராம், பையும் நாடாவும் 20 கிராம் என்றால், 300 பொதிக்குக் கடதாசி 54 கிலோ, பிளாஸ்ரிக் 6 கிலோ. கையால் பிரிக்க முடியாத கடதாசி-பிளாஸ்ரிக் பையைக் கடதாசியில் சேர்க்கக்கூடாது. அது பெரும்பாலும் கலப்புப் பொதி, அதாவது பல மூலப்பொருள் சேர்ந்த பொதி என்ற வகையில் சேரும்.

2022 யூலை முதல் லூசிட் பதிவெண் இல்லாதவரை இணையச் சந்தைகள் விற்கவிடக்கூடாது. பதியாவிட்டால் அபராதம் 100,000 யூரோ வரை போகலாம். 2026 ஓகஸ்ட் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதியிடல் விதியும் பொருந்தும். பிரதேச செயலகங்கள் இதைத் தமிழில் விளக்கும் பயிற்சியை உடனே நடத்த வேண்டும்.

சிறு ஏற்றுமதியாளர்கள்,
கிளிநொச்சி