நாரைக் குஞ்சுகள் பறக்கும்வரை ஏரிக்கரைப் புளியமரங்களை வெட்டாதிருக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஏரிக்கரைத் தெரு மக்கள், தடா மண்டலம், திருப்பதி மாவட்டம்.

பெறுநர்: கோட்ட வன அலுவலர் அவர்கள், வனவிலங்குப் பிரிவு, சூலூர்பேட்டை.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஏரிக்கரைச் சாலையை அகலப்படுத்துவதற்காகப் புளியமரங்களில் சிவப்புப் பெயின்ட்டால் எண் போட்டிருக்கிறார்கள். பொங்கல் கழிந்த வாரம் மூன்று மரங்களைச் சாய்த்தும் விட்டார்கள். கூட்டோடு விழுந்த குஞ்சுகளில் ஒன்று எங்களில் ஒருவர் கையிலேயே செத்தது. பயத்தில் அது கக்கிய மீன்கள் செரிக்காமல் முழுசாக இருந்தன.

இவை சங்குவளை நாரைகள். நாங்கள் மஞ்சமூக்கு நாரை என்போம், தெலுங்குக்காரர்களுக்குக் கொங்க. வெளியூரார் சைபீரியக் கொக்கு என்று படமெடுத்துப் போகிறார்கள். சைபீரியக் கொக்கு வேறு. அது ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தது, 2002-க்குப் பிறகு அங்கேயும் காணவில்லை. எங்கள் நாரை இந்த நாட்டிலேயே பிறந்து, தண்ணீர் தேடி ஏரிக்கு ஏரி போய், இங்கேயே வாழ்வது. "வந்த பறவைதானே, போய்விடும்" என்று சாலை வேலைக்கு வந்த ஒருவர் சொன்னது எங்களுக்குப் பொறுக்கவில்லை ஐயா.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்த பிறகுதான் கூடு கட்டும். மூன்று, நான்கு முட்டை. அடை ஏறக்குறைய 30 நாள். குஞ்சு பறக்க அதற்குமேல் இரண்டு மாதமாவது ஆகும். தண்ணீர் வற்ற வற்றப் பழவேற்காட்டு ஏரியிலும் குட்டைகளிலும் மீன் ஒடுங்கும். அந்த மீனை நம்பித்தான் இந்தக் காலத்தில் குஞ்சு பொரிக்கின்றன. உச்சிவெயிலில் தாயோ தகப்பனோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கும், வெயில் சாயச் சாயத் தானும் திரும்பிக்கொள்ளும். ரம்பச் சத்தத்தில் அது எழுந்து பறந்துவிட்டால் குஞ்சுகள் வெயிலில் கிடந்து வாடும்.

எங்கள் மரங்கள் 1976-இல் அமைந்த நேலப்பட்டு சரணாலய எல்லைக்குள் இல்லை, உண்மைதான். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையை, கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது.

சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். சித்திரை முடியும்வரை மரம் வெட்டுவதை நிறுத்த உத்தரவிட வேண்டும். அதற்குள் சாலையை வயல் பக்கமாக அகலப்படுத்த முடியுமா என்று சம்பந்தப்பட்ட துறையிடம் பேச வேண்டும். அந்தப் பக்கம் புறம்போக்கு இருக்கிறது.

தெலுங்கு மொழிபெயர்ப்பும் கையெழுத்துத் தாள்களும் இணைத்துள்ளோம். 17-ஆம் எண் மரத்தில் மட்டும் 11 கூடுகள் இருக்கின்றன. தாங்கள் ஒருமுறை நேரில் வந்தால் நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெரு மக்கள்