விசில் யார் கையில்? மென்பொருள் நிறுவனத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே புது மென்பொருளோ அப்டேட்டோ வெளியாகும் ரிலீஸ் தேதியை முடிவு செய்கிற மேலாளர்களுக்கும்,

வணக்கம். உங்களுடையதைப் போன்ற நிறுவனங்களில் டெஸ்டிங் (பிழை தேடுவது), சப்போர்ட் (பயன்படுத்துகிறவர்களின் புகாரைக் கேட்பது) என்று மாறி மாறி வேலை பார்த்து வருகிறவள் நான். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது: ஒரு ரிலீஸை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பது. டவுன் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தால் அதைச் சொல்வது சுலபம்.

நம் ஊர் பஸ்ஸில் விசில் டிரைவரிடம் இருப்பதில்லை, கண்டக்டரிடம் இருக்கிறது. ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும். இரண்டு அடித்தால் போகலாம். விசில் வாயில் இல்லாத நேரத்தில் 'ஹோல்டான்', 'ரைட், போலாம்'. தினமும் கேட்டுப் பழகியதால் நாம் இதைக் கவனிப்பதே இல்லை. ஸ்டியரிங், பிரேக், கியர் எல்லாம் ஒருவர் கையில். வண்டி நகரலாமா கூடாதா என்பது இன்னொருவர் கையில். டிரைவருக்கு முன்னால் இருக்கிற சாலை தெரியும். பின்படியில் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு, கூடையை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிற அம்மாவைத் தெரியாது. கண்ணாடியில் கொஞ்சம் தெரியும். கூட்ட நேரத்தில் படியில் தொங்குகிறவர்கள் அதையும் மறைத்துவிடுவார்கள். அந்த அம்மாவைப் பார்க்கக்கூடியவர் கண்டக்டர். அதனால் முடிவும் அவருடையது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரட்டை விசில்தான். நிறுத்தத்தில் நிற்கிற பஸ், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்பதற்காகக் கிளம்புவதில்லை. பார்க்க வேண்டியவர் பார்த்து, போகலாம் என்று சொன்ன பிறகுதான் கிளம்புகிறது. கண்டக்டர் சில்லறை தேடுவதில் மும்முரமாகி விசில் அடிக்க மறந்தால் வண்டி நிற்கும். டிரைவர் தலையைத் திருப்பி 'என்னப்பா, போலாமா?' என்று கேட்பார். மௌனம் சம்மதம் என்கிற கணக்கு அங்கே செல்லாது.

நம் அலுவலகங்களில் இது தலைகீழாக இருக்கிறது. ரிலீஸ் தேதி ஒரு முறை காலண்டரில் ஏறிவிட்டால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த நினைப்பவர்தான் குறுக்கே விழ வேண்டும். ரிலீஸுக்கு முந்தைய நாள் மாலை நடக்கிற கான்ஃபரன்ஸ் கால் உங்களுக்கு நன்றாகத் தெரியும். 'யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?' என்று ஒரு குரல் கேட்கும். பாதிப் பேர் மியூட்டில் இருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். கிளையன்ட் மேலாளரும் அதே காலில் இருக்கும்போது அவளுக்கு எப்படி வாய் வரும்? இரண்டு மூன்று நொடி அமைதி. 'ஓகே, அப்ப கோ லைவ்.' மறுநாள் ஏதாவது ஆனால், நேற்றே கேட்டோமே, யாரும் சொல்லவில்லையே என்பார்கள்.

அந்தக் கான்ஃபரன்ஸ் காலுக்குக்கூட அழைக்கப்படாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை கவுன்டர் முன்னால் வரிசையில் நின்றிருந்தேன். எந்த மருத்துவமனை, யார் செய்த மென்பொருள் என்பது இங்கே வேண்டாம். அங்கே போன் நம்பரை வைத்து நோயாளியைத் தேடுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டிக்கும் பேத்திக்கும் சேர்த்து ஒரே நம்பரைத்தான் கொடுப்போம், பெரும்பாலும் மகனுடைய நம்பர். முன்பெல்லாம் நம்பரை அடித்தால் அதில் பதிவான எல்லோருடைய பெயரும் பட்டியலாக வருமாம். புது அப்டேட்டுக்குப் பிறகு, கடைசியாக வந்துபோனவருடைய பக்கம் தானாகத் திறந்துகொள்கிறது. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் ஒரு கிளிக்கை மிச்சப்படுத்தியிருக்கிறார்.

கவுன்டரில் இருந்த பெண் திரையை நம்பவில்லை. 'ரத்தம் குடுக்கப் போறது யாரு? பேரும் வயசும் சொல்லுங்க' என்று ஒவ்வொருவரிடமும் சத்தமாகக் கேட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டார். பிரிண்ட் ஆகி வந்த லேபிளை அந்த நோட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் ட்யூபில் ஒட்ட அனுப்பினார். வரிசை வாசல் வரை நீண்டது. திட்டையும் அவரேதான் வாங்கிக்கொண்டார். என் முறை வந்தபோது, 'கம்பெனில சொல்லலையாங்க?' என்று கேட்டேன். 'அப்டேட் வந்த அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன் மேடம். டிக்கெட் நம்பர் குடுத்தாங்க' என்றார்.

அந்த டிக்கெட், அதாவது பதிவான புகார், எங்கே போயிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 'மாற்று வழி இருக்கிறதா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். இருக்கிறது என்று பதில் எழுதினால் அவசரம் ஒரு படி இறங்கிவிடும். இங்கே மாற்று வழி என்பது அந்தப் பெண்ணின் பேனாவும் நோட்டும் தொண்டையும். பிழையின் பாரத்தை அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டதனாலேயே உங்கள் திரையில் அது சின்னப் பிழையாகத் தெரிகிறது. அவர் விடுப்பில் போகிற அன்று அந்த நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தால், அம்மாவின் ரத்தம் மகளின் பெயரில் போகும். பின்படியைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். அவரிடம் விசில் இல்லை.

நான் கேட்பது ஒன்றும் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கோளாறு தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் ஆன்டன் என்கிற ஏற்பாட்டின் பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்கும். அதன் வேர் ஒரு தறியில் இருக்கிறது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறி, ஒரு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பிறகு வந்த டொயோட்டா கார் ஆலைகளில் அதே எண்ணம் கயிறாக மாறியது. கார்கள் வரிசையாக நகர்ந்து உருவாகும் அசெம்ப்ளி லைனில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும்.

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-இல் மூடப்பட்டது. தரம், ஒழுங்கு எல்லாவற்றிலும் கெட்ட பெயர். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே இடத்தில் நம்மி என்ற பெயரில் ஆலையைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையின் ஆட்கள்தான். முன்பு லைனை நிறுத்துவது அவர்களுக்குப் பெரிய குற்றம். இப்போது கயிறு அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் தொங்கியது. அதே ஆட்கள் ஜப்பான் ஆலைகளுக்கு ஈடான தரத்தில் கார் செய்து காட்டினார்கள்.

விசில் இல்லாமல் போனதன் விலையும் பதிவாகி இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தில் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியிருந்தார்கள். எட்டாவதில் பல வருஷமாகப் பயன்படாத பழைய நிரல் உயிரோடு இருந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தப் பிழையின் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் அவர்களுடைய சொந்த அமைப்பிலிருந்தே ஊழியர்களுக்குப் போயின. அவற்றைப் பார்த்து யாராவது எதையாவது நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாடு கிடையாது. சந்தை திறந்து 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பதற்றத்தில் ஏழு சர்வர்களிலும் சரியாக இருந்த புதிய நிரலை எடுத்துவிட்டு நிலைமையை இன்னும் மோசமாக்கினார்கள். அடுத்த வருஷம் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது.

அது பணம் மட்டும்தான். பிரிட்டனில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை. 1999 முதல் அங்கே அஞ்சலகக் கவுன்டர்களில் ஹொரைசன் என்ற மென்பொருள் வந்தது. கிராமங்களிலும் சிற்றூர்களிலும் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்தியவர்கள் இரவு கணக்கு முடிக்கும்போது, இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. உதவி எண்ணுக்குப் போன் செய்தார்கள். உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று பலருக்குப் பதில் வந்தது. கணினி சொன்னதை நம்பினார்கள். கவுன்டரில் இருந்த மனிதர் சொன்னதை நம்பவில்லை. 2015 வரை 900 பேருக்கும் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, வீட்டை இழந்தவர்கள் உண்டு. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் அஞ்சலகக்காரர் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டு, 2019 டிசம்பரில்தான் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. முதல் வருஷமே போன் செய்தவர்களில் நாலு பேர் சொன்னதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அங்கே ஒரு ஆள், நிறுத்தும் அதிகாரத்தோடு இருந்திருக்கலாம்.

'ஆளாளுக்கு விசில் கொடுத்தால் வண்டி ஊர் போய்ச் சேராது' என்பீர்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, சம்பளம் கொடுக்கிற பொறுப்பு உங்களுடையது. ஆனால் கண்டக்டரைக் கவனியுங்கள். நம் அரசு பஸ்களில் வசூலுக்கு ஏற்ற பேட்டா டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் உண்டு. டிரிப் முடிந்து சீக்கிரம் வீடு போக வேண்டும் என்ற அவசரமும் இருவருக்கும் உண்டு. வண்டியை வீணாக நிறுத்திவைப்பதில் கண்டக்டருக்கு ஒரு லாபமும் இல்லை. நம்மிடத்தில் டெஸ்டரை எத்தனை பக், அதாவது பிழை, பிடித்தார் என்று அளக்கிறோம், மேலாளரைத் தேதி தவறினாரா என்று அளக்கிறோம். ஒரே வண்டியில் போகிறவர்களை எதிரெதிராக உட்கார வைத்துவிட்டு, அவர் எதற்கெடுத்தாலும் நிறுத்துகிறார் என்று குறைப்பட்டால் எப்படி? இருவருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள், வீண் விசில் தானாகக் குறையும்.

டெஸ்டர்களே வேண்டாம், எல்லாம் ஆட்டோமேஷன் பார்த்துக்கொள்ளும் என்று ஆட்களைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒன்று. கண்டக்டர் இல்லாத பஸ்ஸும் நம் ஊரில் விட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே டிக்கெட் கொடுத்துவிட்டு, நடுவில் எங்கும் நிற்காமல் போகிற வழித்தடங்களில் விட்டார்கள். உங்கள் மென்பொருள் அப்படிப்பட்ட வழித்தடத்தில் ஓடுகிறதென்றால் சரி. மருத்துவமனை கவுன்டர் அப்படி இல்லை.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். ரிலீஸ் கிளம்ப வேண்டுமானால் டெஸ்டிங்கிலிருந்து ஒருவரும், சப்போர்ட்டில் தினமும் போன் எடுக்கிற ஒருவரும் போகலாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நிற்க வேண்டும். அந்த ஒருவர் அவர்களுடைய மேலாளராக இருக்கக்கூடாது, வேலையைக் கையால் செய்கிறவராக இருக்க வேண்டும். நிறுத்து என்று ஒருவர் சொன்னால் முதலில் நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு கேளுங்கள். கண்டக்டர் விசில் அடித்ததும் டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறார். அப்புறம், உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிற கவுன்டர்களில் சிலருக்காவது, டிக்கெட் நம்பரோடு முடிந்துபோகாத ஒரு நேரடி எண்ணைக் கொடுங்கள். அதை எடுக்கிறவருக்கு அப்டேட்டைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் இருக்கட்டும்.

தேவையில்லாமல் நிறுத்தியதாகப் பிறகு தெரியவந்தாலும் அந்த நபரை ஒன்றும் சொல்லாதீர்கள். கூட்டத்தில் மட்டுமல்ல, ஏப்ரல் அப்ரைசலிலும் சொல்லாதீர்கள். எங்களுக்கு நீங்கள் சுவரில் ஒட்டுகிற வாசகம் மனதில் நிற்பதில்லை. போன வருஷம் ரிலீஸை நிறுத்திய ஆளுக்கு என்ன ரேட்டிங் வந்தது என்பது நிற்கிறது. அடுத்த அப்ரைசல் கூட்டத்துக்கு முன்னால் அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு பெயரே உங்கள் நிறுவனத்தில் இல்லையென்றால், சப்போர்ட்டில் போன் எடுக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து, ஏன் இல்லை என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலில் இருக்கும் ஒருத்தி